வெந்நீர் ஊற்று தனக்குத் தானே கட்டிக்கொள்ளும் வரப்புகள்

துருக்கியில் இருக்கும் பாமுக்கலேயின் படத்தைப் பார்த்த பலருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் இந்த வெள்ளைக் குளங்களை ஒரு வெந்நீர் ஊற்று எப்படி உண்டாக்கியது? யாரோ மட்டம் பார்த்துக் கட்டியதுபோல ஒவ்வொரு குளத்தின் விளிம்பும் இத்தனை சமமாக இருப்பது எப்படி?

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் இதுதான்: சூடான நீரில் தாதுக்கள் நிறையக் கரைந்திருக்கும், வெளியே வந்து ஆறியதும் அவை படிந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாமுக்கலே போன்ற சுண்ணாம்புப் படிக்கட்டுகளுக்கு இது பொருந்தாது. சர்க்கரையும் உப்பும் சூட்டில் அதிகம் கரையும், இந்தச் சுண்ணாம்புப் படிவின் பொருளான கால்சியம் கார்பனேட்டின் குணம் அதற்கு நேர் எதிர். நீர் சூடாக ஆக அது குறைவாகத்தான் கரையும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடின நீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படை கட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அது கால்சியம் கார்பனேட்தான், ஆறும்போது படிந்தது அல்ல, கொதிக்கும்போதே படிந்தது. ஆக, ஊற்று நீர் ஆறுவதால் சுண்ணாம்பு வெளியே வருகிறது என்று சொல்ல முடியாது. வேறொன்று நீரை விட்டுப் போகிறது, அது போவதால்தான் சுண்ணாம்பு படிகிறது. அந்த வேறொன்று கரியமில வாயு.

இதைப் புரிந்துகொள்ள நிலத்துக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமியின் உட்புற வெப்பம் அதைச் சூடாக்குகிறது. போகும் வழியில் மண்ணிலிருந்தும், பல இடங்களில் அதைவிட அதிகமாக ஆழத்திலிருந்தும், கரியமில வாயு அதில் சேர்கிறது. மேலே உள்ள நீரின் எடை அழுத்துவதால் வாயு தப்பிக்க வழியில்லாமல் கரைந்தே கிடக்கிறது. அப்படி வாயு கரைந்த நீர் ஒரு மெல்லிய அமிலம். அது சுண்ணாம்புக்கல் பாறையைக் கடந்து போகும்போது பாறையைக் கரைத்து, கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் தன்னுள் ஏற்றிக்கொள்கிறது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள மாமத் வெந்நீர் ஊற்றுகளில், இப்படிக் கரைந்து மேலே வரும் கால்சியம் கார்பனேட் நாளொன்றுக்குச் சுமார் 2 டன். பூமிக்கடியில் இருந்த ஒரு சுண்ணாம்பு மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேலே இடம் மாறுகிறது என்றே சொல்லலாம்.

நீர் வெளியே வந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. வாயு பறக்கத் தொடங்குகிறது. வாயு குறையக் குறைய நீரின் அமிலத்தன்மையும் குறைகிறது. மாமத்தில் ஊற்றுக் கண்ணில் பிஎச் 6-ஐ ஒட்டி இருக்கும் நீர், சரிவில் இறங்கி முடிக்கும்போது 8-ஐ நெருங்கிவிடுகிறது (பிஎச் எண் கூடினால் அமிலத்தன்மை குறைகிறது என்று பொருள்). அமிலம் இல்லாத நீரால் அவ்வளவு சுண்ணாம்பைத் தாங்க முடியாது, அதனால் இறக்கி வைத்துவிடுகிறது. அப்படி இறங்கிய கல்லுக்குப் பெயர் டிராவர்டைன்.

சரி, கல் படிவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் கல் படிந்தால் சரிவு முழுக்க ஒரே பூச்சாகப் படியலாமே, ஏன் குளங்கள்? உண்மையில் சுவையான பகுதி இதுதான்.

சரிவில் மெல்லியதாக நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு சிறு மேடு, ஒரு கூழாங்கல், விழுந்து கிடக்கும் ஒரு குச்சி, எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதன் பின்னால் நீர் கொஞ்சம் தேங்கும், பிறகு அதன் மேலேறி வழியும். தேங்கிய இடத்தில் நீர் ஆழமாகவும் மெதுவாகவும் இருக்கிறது. வழியும் இடத்திலோ தாள் கனத்துக்கு மெலிந்து வேகமாக ஓடுகிறது. மெலிந்த நீரிலிருந்து வாயு எளிதாகத் தப்பும். வேகமாக ஓடும் நீர் புதிய சரக்கைக் கல்லின் மேற்பரப்புக்கு ஓயாமல் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டும் சேர்ந்து அந்த மேட்டின் முகட்டில்தான் சுண்ணாம்பு மிக வேகமாகப் படிகிறது. முகடு உயர்கிறது. உயர்ந்ததால் பின்னால் இன்னும் அதிக நீர் தேங்குகிறது, முகட்டில் நீர் இன்னும் மெலிந்து வழிகிறது, அங்கே இன்னும் வேகமாகப் படிகிறது. ஒரு வரப்பு உருவாகிவிட்டது. வரப்பு உயர்ந்தால் நீர் உயர்வது எங்கும் உள்ளதுதான். இங்கே நீரே வரப்பையும் உயர்த்திக்கொண்டு போகிறது.

வரப்பு ஏன் இத்தனை மட்டமாக இருக்கிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வரப்பில் ஒரு இடம் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தால் நீர் அந்தப் பக்கமாகத்தான் அதிகம் வழியும். அதிகம் வழிந்தால் அங்கே அதிகம் படியும். கொஞ்ச நாளில் அந்தத் தாழ்வு நிரம்பி மற்ற இடங்களோடு சமமாகிவிடும். வேறோர் இடம் தாழ்வாகிப்போனால் நீர் அங்கே போய்விடும். குறையிருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து அடைப்பதுதான் இந்த நீரின் இயல்பு. மண் கரையில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தாழ்ந்த இடத்தில் வழியும் நீர் மண்ணை அரித்து உடைப்பைப் பெரிதாக்கும். இங்கே அரிப்புக்குப் பதிலாகப் படிவு நடப்பதால் எல்லாமே தலைகீழ். எந்தக் கொத்தனாரும் இல்லாமல் பல மீட்டர் நீளமுள்ள ஒரு விளிம்பு மில்லிமீட்டர் பிசகாமல் மட்டமாக நிற்பதற்கு இதுதான் காரணம். இயற்கையில் எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான தற்சீரமைப்புகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

குளங்களின் வளைந்து நெளிந்த வடிவமும் இப்படித்தான் வருகிறது. ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைத்துக்கொண்டே வரப்பு ஓடுவதால், சரிவின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அது பிறைபோல வெளியே துருத்தி வளைகிறது. சரிவு செங்குத்தாக இருந்தால் குளங்கள் குறுகலாகவும் அவற்றின் சுவர்கள் உயரமாகவும் இருக்கும். சரிவு மெதுவாக இறங்கினால் குளங்கள் அகலமாக, வரப்பு தாழ்வாக இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளங்கள் பக்கத்துக் குளங்களோடு போட்டியும் போடுகின்றன. கீழே உள்ள ஒரு குளத்தின் வரப்பு வேகமாக உயர்ந்தால், அதன் நீர்மட்டம் மேலே உள்ள குளத்தின் காலைத் தொட்டு, பிறகு அதன் வரப்பையே மூழ்கடித்துவிடும். மூழ்கிய வரப்பின் மேல் இனி நீர் மெலிந்து ஓடாது, அதனால் அது வளராது. இரண்டு குளங்கள் ஒன்றாகிவிடும். கைவிரல் நகம் அளவுள்ள படிகளிலிருந்து பல மீட்டர் அகலமுள்ள குளங்கள்வரை ஒரே மாதிரியான வடிவம் தென்படுவதை, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இலினாய் பல்கலைக்கழகத்திலும் ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலும் இயற்பியலாளர்களும் நிலவியலாளர்களும் கணினி மாதிரிகளில் உருவாக்கிக் காட்டினார்கள். மாதிரிக்குள் யாரும் குளத்தை வரைந்து வைக்கவில்லை. நீரோட்டத்துக்கும் படிவுக்குமான எளிய விதிகளை மட்டும் கொடுத்தார்கள், குளங்கள் தாமாகவே தோன்றின.

இதுபோன்ற ஓரிடத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் முழுக் காட்சியை ரசித்த பிறகு, நடைபாதையை ஒட்டி இருக்கும் ஒரு சின்னக் குளத்தை மட்டும் பொறுமையாகக் கவனியுங்கள். பெரிய வரப்பின் வெளிப்புறச் சுவரிலேயே, நீர் சொட்டச் சொட்ட இறங்கும் இடத்தில், சின்னச் சின்ன வரப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் உயரம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு துளி நீர் தேங்கியிருக்கும். வரப்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அடியில் கல் ஊசிகள் தொங்கும். அசையாத குளத்தின் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைத் தகடு மிதப்பதும் உண்டு. ஆடைபோலத் தெரியும் அது கல்தான். நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் வாயு தப்பியதால் அங்கேயே படிகமாகி, நீரின் பரப்பு இழுவிசையால் மூழ்காமல் நிற்கிறது. காற்றடித்து அலை எழுந்தால் உடைந்து அடியில் போய்ச் சேரும். அடியிலிருந்து எழும் வாயுக்குமிழியைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து, குமிழி அப்படியே கல்லாகிவிடுவதும் நடக்கிறது. நீரில் விழுந்த இலைகளும் நரம்பு முதற்கொண்டு பூச்சு ஏறிக் கிடக்கும். இலை மட்கிய பிறகு அதன் அச்சு கல்லுக்குள் நிற்கும்.

ரோமாபுரியின் கொலோசியம் கட்டப் பயன்பட்ட கல்லும் இதே டிராவர்டைன்தான். அருகிலுள்ள திவோலியில் வெந்நீர் ஊற்றுகள் படிய வைத்ததை வெட்டி எடுத்தார்கள். இன்று தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் டிராவர்டைன் பலகைகளில் ஓட்டை ஓட்டையாகத் தெரியுமே, அவற்றில் பலவும் இந்த வாயுக்குமிழிகளும் மட்கிப்போன செடிகளும் விட்டுச்சென்ற இடங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூய டிராவர்டைன் வெள்ளை. மற்ற நிறங்களை இரும்பும் உயிரினங்களும் தருகின்றன. ஈரானின் பாதாப்-எ-சூர்ட்டில் குளங்கள் செம்மஞ்சளாகவும் துரு நிறமாகவும் இருப்பதற்கு நீரில் உள்ள இரும்பு காரணம். மாமத்தில் கதை வேறு. அங்கே ஊற்றுக் கண்ணில் நீர் 73 டிகிரி செல்சியசுக்கு அருகில் இருக்கும். ஒளிச்சேர்க்கை செய்யும் எந்த உயிருக்கும் கிட்டத்தட்ட அதுதான் உச்ச வரம்பு. அதனால் கண்ணை ஒட்டி வெளிறிய இழைபோன்ற பாக்டீரியாக்கள் மட்டும் வாழும். அவை வாழ்வதற்கு ஒளி தேவையில்லை, நீரில் உள்ள கந்தகச் சேர்மங்களே போதும். நீர் ஆற ஆற, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, பச்சை என்று வெவ்வேறு நுண்ணுயிர்க் கூட்டங்கள் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ற இடத்தில் குடியேறுகின்றன. நிறத்தைப் பார்த்தே நீரின் சூட்டை ஓரளவு ஊகித்துவிடலாம். படிகங்களும் மாறுகின்றன. சூடான பகுதியில் ஊசி ஊசியாக அரகோனைட், ஆறிய பகுதியில் கட்டி கட்டியாகக் கால்சைட். வேதிப்பொருள் ஒன்றுதான், அடுக்கப்பட்ட விதம் வேறு. நுண்ணுயிர்கள் படிவின் வேகத்தையும் நுண்வடிவத்தையும் மாற்றுகின்றன. ஆனாலும் வரப்பு கட்டும் அடிப்படை வேலைக்கு உயிர் அவசியமில்லை என்பதே என் கருத்து. வெறும் நீரோட்டமும் வேதியியலும் போதும் என்பதைத்தான் அந்தக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

இதெல்லாம் உருவாகப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாமுக்கலேயைப் போல 2.7 கிலோமீட்டர் நீளம், சுமார் 160 மீட்டர் உயரம் என்று வளர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்தான். ஆனால் ஒரு தனிக் குளம் ஒரு மனிதரின் கண்முன்னே வளர்ந்துவிடும். மாமத்தில் வேகமான இடங்களில் படிவு நாளொன்றுக்கு மில்லிமீட்டர் கணக்கில் ஏறுகிறது. அங்கே ஓபல் ஊற்று என்று ஒன்று உண்டு. பல ஆண்டுகள் வறண்டு கிடந்து 1926-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் படிகள் பரவிப் பரவிப் பக்கத்திலிருந்த டென்னிஸ் மைதானத்தை நெருங்கின. 1947-ல் படிகளுக்கு இடம் கொடுத்து மைதானத்தையே அகற்றிவிட்டார்கள். ஹங்கேரியின் எகர்சலோக்கில் இருக்கும் வெள்ளைப் படிக்கட்டு இன்னும் வியப்பானது. அங்கே இயற்கையான ஊற்றே கிடையாது. 1961-ல் நிலத்தில் போட்ட ஆழ்துளையிலிருந்து வெந்நீர் பீறிட்டது. அந்த நீர் வழிந்து வழிந்து ஒரு வெள்ளைக் குன்றையே கட்டிவிட்டது. குழாய் மனிதர் போட்டது, குன்றும் குளங்களும் நீரின் வேலை.

வளர்வது போலவே சாவதும் சீக்கிரம் நடக்கும். படிவு தன் வழியைத் தானே அடைத்துக்கொள்வது இந்த ஊற்றுகளின் விதி. நிலநடுக்கமும் அடியிலுள்ள பிளவுகளைத் திறக்கும், மூடும். மாமத்தின் மினர்வா படிகள் சில ஆண்டுகள் பளபளவென்று ஓடும், பிறகு வறண்டு போகும், மறுபடியும் ஓடும். நீர் நின்ற படிகள் பளிச்சென்ற வெள்ளையை இழந்து சாம்பல் நிறமாகி, பொடிந்து உதிரத் தொடங்கும். மாமத்தில் இப்படி வறண்டு நிற்கும் 11 மீட்டர் உயரத் தூண் ஒன்று இருக்கிறது, லிபர்ட்டி கேப் என்பார்கள். ஒரு காலத்தில் அதன் உச்சியில் நீர் கொப்பளித்து, தன்னைச் சுற்றித் தானே கல்லைக் கட்டி உயர்ந்த ஊற்று அது.

மேலே சொன்னது எல்லாம் சுண்ணாம்புப் படிகளைப் பற்றி. 'ஆறுவதால் படிகிறது' என்ற விளக்கம் உண்மையிலேயே பொருந்தும் இன்னொரு வகையும் இருக்கிறது. அது சிலிக்கா, மணலில் இருக்கும் பொருள். எரிமலைப் பாறைகள் வழியாக மிகுந்த சூட்டில் வரும் நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். இது சூட்டில் அதிகம் கரையும் பொருள், 100 டிகிரியில் கரைவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் 25 டிகிரியில் கரையும். ஆறும்போதும் ஆவியாகும்போதும் மீதி படிந்து, சின்டர் என்ற கடினமான கல்லாகிறது. இந்த வகையில் உலகின் மிகப் பெரியவை என்று பெயர் பெற்றவை நியூசிலாந்தின் ரொட்டோமஹானா ஏரிக்கரையில் இருந்தன. வெள்ளைப் படிகளுக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர் தே தாரதா, இளஞ்சிவப்புப் படிகளுக்கு ஓதூகபுவாரங்கி. 1859-ல் ஃபெர்டினாண்ட் ஃபோன் ஹோக்ஸ்டெட்டர் என்ற நிலவியலாளர் அங்கே போய் அளந்து பதிவு செய்தார். அதன் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தூஹூரங்கி என்ற மாவோரி குல மக்கள்தான் அவர்களைப் படகில் அழைத்துப்போய்க் காட்டினார்கள். சோஃபியா ஹினெராங்கி என்ற பெண் வழிகாட்டி மிகவும் புகழ்பெற்றிருந்தார். 1886 ஜூன் 10 அதிகாலையில் தாரவேரா எரிமலை வெடித்தது. சுமார் 120 பேர் மாண்டார்கள். ஏரி இருந்த இடமே வெடித்துப் பெரும் பள்ளமானது, பின்னர் அதில் நீர் நிரம்பிப் பழையதைவிடப் பெரிய, ஆழமான ஏரி உண்டாயிற்று. படிகள் கண்ணிலிருந்து மறைந்தன. 2011-ல் ஏரியின் அடியில் ஒலியலைக் கருவிகளால் தேடிய குழு, இளஞ்சிவப்புப் படிகளின் ஒரு பகுதி அங்கே இருப்பதாக அறிவித்தது. ஹோக்ஸ்டெட்டரின் அளவீடுகளை வைத்துக் கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், அவை ஏரிக்கரை நிலத்தடியில் புதைந்திருக்கலாம் என்றார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. தூஹூரங்கி மக்களுக்கு அன்று போனது ஒரு சுற்றுலாத் தலம் மட்டுமல்ல. உறவினர்கள், ஊர், பிழைப்பு எல்லாம் ஒரே இரவில் போயின. இந்தப் படிகளின் அழகைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புப் படிக்கு நீர் சூடாக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஹுவாங்லோங் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான குளங்கள் இதே முறையில் உருவாகியிருக்கின்றன. அந்த நீர் கை விறைக்கும் அளவுக்குக் குளிர்ச்சியானது. வாயு நிறைந்த சுண்ணாம்பு நீர் சரிவில் இறங்கினால் போதும், வரப்பு எழும்பிவிடும். ஊற்று சூடாக இருந்தால் அந்த வேலை வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

தப்பித்துப் போகும் அந்த வாயு சில இடங்களில் ஆபத்தும் கூட. பாமுக்கலேயின் உச்சியில் ஹியராபொலிஸ் என்ற பழைய கிரேக்க-ரோம நகரம் இருக்கிறது. அங்கே பாதாள தேவனுக்கு ஒரு கோயில், அதன் அடியில் ஒரு குகை வாசல். அந்தக் காலத்தில் பூசாரிகள் உள்ளே கொண்டுபோகும் காளைகள் செத்து விழும், பூசாரிகளுக்கோ ஒன்றும் ஆகாது. ஸ்ட்ராபோ என்ற பழங்காலப் புவியியலாளர் தாமே சிட்டுக்குருவிகளை உள்ளே எறிந்து பார்த்ததாகவும், அவை உடனே உயிர்விட்டதாகவும் எழுதியிருக்கிறார். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டித் தேங்கும். அண்மையில் அங்கே நடந்த அளவீடுகளும் தரை மட்டத்தில் உயிரைக் கொல்லும் அளவுக்கு வாயு இன்னும் வருவதை உறுதி செய்தன. தலை உயர்ந்திருந்த பூசாரி தப்பியதற்கும், மூக்கு தாழ்ந்திருந்த காளை விழுந்ததற்கும் விளக்கம் அதில் கிடைக்கிறது. கீழே சரிவில் வெள்ளைக் குளங்களைக் கட்டுவதும் மேலே குகை வாசலில் கொல்வதும் ஒரே வாயு.

பாமுக்கலேக்குப் போக நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே படிகளின் தலைமாட்டிலேயே ஹோட்டல்கள் எழும்பின, ஊற்று நீரைத் தங்கள் குளங்களுக்கு இழுத்துக்கொண்டன. சரிவின் குறுக்கே சாலையும் போனது. நீர் வராத படிகள் மங்கின, காலும் சக்கரமும் பட்ட இடங்கள் அழுக்கேறின. 1988-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு ஹோட்டல்கள் இடிக்கப்பட்டன, சாலை மூடப்பட்டது, அதன் தடத்தில் செயற்கைக் குளங்கள் அமைத்தார்கள். இன்று அந்தப் பாதையில்தான் நடக்க விடுகிறார்கள், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு. புதிதாகப் படிந்த சுண்ணாம்பு மென்மையானது, செருப்பின் அடி அதைச் சிதைத்துவிடும். ஊற்று நீரை எல்லாப் பகுதிக்கும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. முறை வைத்துப் பகுதி பகுதியாகத் திருப்பி விடுகிறார்கள். ஒரே இடத்தில் ஓயாமல் நீர் நின்றால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், இடையில் வெயிலில் காய்ந்தால்தான் புதுப்படிவு இறுகி வெளுக்கும். அதனால் நீங்கள் போகும் நாளில் பல குளங்கள் வறண்டு கிடந்தால் ஏமாந்துபோய்த் திரும்பிவிடாதீர்கள். அன்று நீர் எந்தப் பக்கம் விடப்பட்டிருக்கிறது என்று அங்கே இருக்கும் காவலர்களிடம் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள்.